டபுளிலிருந்து குறியற்ற முழு எண்ணுக்கு: ரன்டைமில் இந்த மாற்றத்தை டெஸ்ட் செய்யும் முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பரும் பொழுதுபோக்காக ஒரு சின்ன நிரலாக்க மொழிக்கு ரன்டைம், அதாவது அந்த மொழி நிரல்களை ஓட்டும் மென்பொருள், எழுதினோம். டபுளை (தசமப் பகுதியுள்ள எண்ணையும் வைக்கும் மிதவைப்புள்ளி வகை) 64 பிட் குறியற்ற, அதாவது எதிர்மறை இல்லாத, முழு எண்ணாக மாற்றும் ஃபங்ஷன் என் பங்கு. பல எக்ஸ்86 சிப்களில் இதற்கு நேரடிக் கட்டளை கிடையாது, குறியுள்ள எண்ணாக மாற்றும் கட்டளைதான் உண்டு என்பது தெரியும். சிக்கல், குறியுள்ள எண்ணில் அடங்காத 2^63-இல் ஆரம்பிக்கும் என்பதும் தெரியும். அதனால் 9223372036854775808.0 என்று கொடுத்து, விடை 9223372036854775808 வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. டெஸ்ட் பச்சை. அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து நண்பர் கேட்டார்: "10^19 கொடுத்தாலும் 9223372036854775808-தானே வருது, ஏன்?"

நான் எழுதியிருந்தது வெறும் குறியுள்ள மாற்றம். தனக்குள் அடங்காத மதிப்பு வந்தால் அந்தக் கட்டளை ஒரு நிலையான பிட் வடிவத்தைத் திருப்பித் தரும்: மேல் பிட் 1, மற்றதெல்லாம் 0. அதைக் குறியற்ற எண்ணாக வாசித்தால் சரியாக 2^63. அதாவது சிப் "எனக்குத் தெரியாது" என்று சொன்னதை, நான் "இதுதான் விடை" என்று படித்திருக்கிறேன். எல்லை மதிப்பைப் பார்த்து டெஸ்ட் எழுதியும், அந்த ஒரு எல்லை மதிப்பில் மட்டும் தவறான கோடு (நிரல் வரிகள்) சரியான விடை தந்துவிட்டது.

இந்த வழிகாட்டி அந்த அவமானத்திலிருந்து பிறந்தது. ஒவ்வொரு டெஸ்ட் மதிப்புக்கும் எதிரே "இது எந்தத் தவறைப் பிடிக்கும்?" என்று எழுதத் தெரிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்த மதிப்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு எழுத்துச் சிக்கலையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். எண் அல்லாத அந்த விசேஷ மதிப்பை "நான்" என்று எழுதினால் யார் பேசுகிறார்கள் என்றே குழம்பிவிடும். அதனால் "நேன்" என்று எழுதுகிறேன். டபுள் என்றால் 64 பிட், ஃப்ளோட் என்றால் 32 பிட்.

படி 1: முதலில் ஒப்பந்தம்

டெஸ்ட் எழுதும் முன், உங்கள் மொழி என்ன வாக்குக் கொடுக்கிறது என்பதை எழுதி வையுங்கள். அடங்கும் மதிப்புகளில் பெரும்பாலான மொழிகள் ஒன்றுதான்: தசமப் பகுதியை வெட்டி எறி. அடங்காத மதிப்புகளில்தான் ஊருக்கு ஒரு நியாயம்.

சி மொழியில், வெட்டிய பிறகும் மதிப்பு அடங்கவில்லை என்றால் நடத்தை வரையறுக்கப்படாதது, எதுவும் நடக்கலாம். ரஸ்ட் 2020-இல் வந்த 1.45 பதிப்பிலிருந்து எல்லையில் நிறுத்துகிறது: எதிர்மறை என்றால் 0, பெரியது என்றால் அந்த வகையின் உச்ச எண், நேன் என்றால் 0. ஜாவாஸ்கிரிப்ட் 32 பிட்டுக்கு மாற்றும்போது 2^32-ஆல் வகுத்த மீதியை எடுக்கிறது. நேனும் முடிவிலியும் 0. வெப்அசெம்ப்ளியில் இரண்டும் உண்டு: ஆரம்பத்திலிருந்தே இருக்கும் கட்டளை ட்ராப் ஆகி, அதாவது பிழை எழுப்பி, நிற்கும், பின்னால் சேர்த்த கட்டளை எல்லையில் நிறுத்தும். கோ மொழியின் வரையறை, அடங்காத மதிப்பில் மாற்றம் வெற்றி பெறும், விடை மட்டும் செயலாக்கத்தைப் பொறுத்தது என்கிறது. டாட்நெட் 9-இல் எக்ஸ்86 சிப்பிலும் எல்லையில் நிறுத்தும் முறைக்கு மாறினார்கள். பழைய விடைகளை நம்பியிருந்த கோடுக்கு அது உடைப்பு மாற்றம்.

சின்ன வகைகளுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு: 8 பிட், 16 பிட் எண்ணாக நேரடியாகப் போகிறீர்களா, அல்லது 32 பிட்டில் இறங்கி அப்புறம் வெட்டுகிறீர்களா? ஜாவாவின் ஒரே குறியற்ற முழு எண் வகை 16 பிட் கேரக்டர்தான். டபுளிலிருந்து அதற்குப் போக முதலில் 32 பிட் குறியுள்ள எண்ணாக மாற்றி, பிறகு கீழ் 16 பிட்டை எடுக்க வேண்டும் என்பது ஜாவாவின் விதி. அதனால் அங்கே -1.0 கொடுத்தால் 65535, 65536.0 கொடுத்தால் 0. ரஸ்டில் இதே இரண்டுக்கும் விடை 0, 65535. நேர் தலைகீழ், இரண்டுமே அவரவர் விதிப்படி சரி.

ஒரு தாளில் இவற்றுக்கு விடை எழுதுங்கள்: நேன், இரண்டு முடிவிலிகள், -1-உம் அதற்குக் கீழும், 2^64-உம் அதற்கு மேலும், மைனஸ் சுழியம், -1-க்கும் 0-க்கும் இடைப்பட்டவை. "செயலாக்கத்தைப் பொறுத்தது" என்பதும் ஒரு விடைதான். அப்படி என்றால் டெஸ்ட் விடையைச் சரிபார்க்கக் கூடாது. கிராஷ் ஆகவில்லை, ஒரே இயக்கத்தில் இரண்டு முறை கேட்டால் ஒரே விடை வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதை மறந்து, தன் மடிக்கணினியில் வந்த விடையையே எதிர்பார்க்கும் விடையாக எழுதி வைப்பவர்கள்தான் அதிகம்.

இனி வரும் உதாரணங்களில், எல்லையில் நிறுத்தும் ஒப்பந்தம், நேன் என்றால் 0 என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 2: சரியான வரம்பைச் சரியாகப் புரிந்துகொள்வது

64 பிட் குறியற்ற எண்ணுக்கு எந்த டபுள் அடங்கும்? "0 முதல் 18446744073709551615 வரை" என்று சொன்னால் இரண்டு பக்கமும் தப்பு.

கீழ்ப் பக்கம் பாருங்கள். -0.5-ஐ வெட்டினால் 0. அது அடங்கும் மதிப்பு; சி மொழியின் தரப்படியும் -1-ஐ விடப் பெரிய எல்லா மதிப்பும் செல்லும். எல்லையில் நிறுத்தும் மொழியில் இது வெளியே தெரியாது, இரண்டு வழியிலும் 0-தான். ஆனால் ட்ராப் ஆகும் மொழியில் "0-ஐ விடச் சின்னது என்றால் பிழை" என்று காவல் போட்டால், செல்ல வேண்டிய -0.5 செத்துப்போகும்.

மேல் பக்கம் இன்னும் மோசம். 18446744073709551615 என்ற எண்ணை டபுளில் எழுதவே முடியாது. டபுளின் துல்லியம் 53 பிட். அந்த உயரத்தில் அடுத்தடுத்த டபுள்களுக்கு இடையே 2048 இடைவெளி. எனவே உச்ச எண்ணை டபுளாக மாற்றினால் அது மேல்நோக்கி உருண்டு (ரவுண்ட் ஆகி) 18446744073709551616, அதாவது 2^64 ஆகிவிடும். "மதிப்பு உச்ச எண்ணை விடப் பெரியதா?" என்று கேட்கும் காவலில் 2^64 வந்து நின்றால், 2^64 தன்னைவிடப் பெரியதில்லை, உள்ளே விட்டுவிடும். இந்த ஒரு வரித் தவறு அனுபவசாலிகள் எழுதிய கோடிலும் வரும். காவல் "2^64-க்குச் சமம் அல்லது பெரியது" என்றுதான் இருக்க வேண்டும்.

32 பிட்டில் இது எதிர்த் திசையில் கடிக்கும். 4294967295.5 டபுளில் அழகாக எழுத முடிகிற எண்; வெட்டினால் 4294967295, செல்லும். "4294967295-ஐ விடப் பெரியது என்றால் பிழை" என்ற காவல் அதைத் துரத்திவிடும்.

ஆக எந்த அகலத்துக்கும் வரம்பு ஒன்றுதான்: -1-ஐ விடப் பெரியது, 2-இன் அகல அடுக்கை விடச் சின்னது. இரண்டு முனையும் சேராது.

படி 3: சிப் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தவறுகள் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் அவற்றைப் பிடிக்க முடியாது.

ஆர்ம்64-இல் குறியற்ற மாற்றத்துக்கு நேரடிக் கட்டளை உண்டு. எல்லையில் நிறுத்தும், நேனுக்கு 0. நம் உதாரண ஒப்பந்தத்துக்கு அப்படியே பொருந்தும். ரிஸ்க்-ஐந்திலும் நேரடிக் கட்டளை உண்டு, எல்லையில் நிறுத்தும், ஆனால் நேனுக்கு உச்ச எண்ணைத் தரும். "எல்லா நவீன சிப்பும் ஒரே மாதிரி" என்று நினைத்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

எக்ஸ்86-இல் குறியற்ற மாற்றத்துக்கான கட்டளை, பின்னால் சேர்ந்த ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுப்புடன்தான் வந்தது. அடங்காத மதிப்புக்கு அது எல்லாப் பிட்டும் 1 என்று தரும், எதிர்மறை எண்ணுக்கும் அதேதான். அது இல்லாத சிப்களில் ஒரு பழைய வித்தை: மதிப்பு 2^63-க்குக் கீழே என்றால் குறியுள்ள மாற்றம். இல்லையென்றால் 2^63-ஐக் கழி, குறியுள்ள மாற்றம் செய், மேல் பிட்டைப் புரட்டு. 2^63-க்கும் 2^64-க்கும் இடையே இந்தக் கழித்தல் துல்லியமானது, எதுவும் உருளாது. வித்தை சரிதான்.

இந்த வித்தைக்குள் நேன் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், எனக்குப் பிடித்த பகுதி இது. நேன் கழுவுற மீனில் நழுவுற மீன்: சின்னதா, பெரியதா, சமமா என்று எந்த ஒப்பீட்டில் வைத்தாலும் "இல்லை" என்றே பதில் வரும். கோடில் "2^63-ஐ விடச் சின்னது என்றால் நேரடி, இல்லையேல் கழி" என்று எழுதியிருந்தால் நேன் கழிக்கும் பக்கம் போகும்; குறியுள்ள மாற்றம் "தெரியாது" வடிவத்தைத் தரும்; மேல் பிட் புரண்டு விடை 0. அதையே "2^63-க்குச் சமம் அல்லது பெரியது என்றால் கழி, இல்லையேல் நேரடி" என்று திருப்பி எழுதினால் நேன் நேரடிப் பக்கம் போய் விடை 9223372036854775808. சாதாரண எண்களுக்கு இரண்டும் ஒன்று. நேனுக்கு மட்டும் வேறு.

நம் ஒப்பந்தப்படி நேனுக்கு 0 வர வேண்டும். முதல் வடிவம் அதைத் தற்செயலாகத் தருகிறது. யாராவது ஒருநாள் "படிக்க வசதியாக" ஒப்பீட்டைத் திருப்பி எழுதினால் உடையும். அதனால் நேனுக்குத் தனிக் கிளை வையுங்கள், தனி டெஸ்டும் வையுங்கள்.

இதே வித்தையில் -1.0 நேரடிப் பக்கம் போய் -1 ஆகி, குறியற்றதாக வாசிக்கப்பட்டு 18446744073709551615 ஆகும். 2^64 கழிக்கும் பக்கம் போய் 0 ஆகும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, வகுத்த மீதியை எடுப்பது போலவே தோன்றும். உண்மையில் அது வெறும் பொய்த் தோற்றம்.

32 பிட்டுக்கு எக்ஸ்86-64-இல் வழக்கமான வழி, 64 பிட் குறியுள்ள எண்ணாக மாற்றிக் கீழ் 32 பிட்டை எடுப்பது. இதுவும் வகுத்த மீதி போலவே வேலை செய்யும், 2^63 வரை. அதற்கு மேல் "தெரியாது" வடிவத்தின் கீழ்ப் பாதி, அதாவது 0. ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிக்கு ரன்டைம் எழுதினால் 10^19 அருமையான டெஸ்ட்: உண்மையான மீதி 2313682944, குறுக்குவழி தருவது 0. சொல்லப்போனால், இந்த ஜாவாஸ்கிரிப்ட் விதி படுத்திய பாட்டில் ஆர்ம் நிறுவனம் 8.3 பதிப்பில் அதற்கென்றே ஒரு கட்டளையைச் சேர்த்தது.

படி 4: உள்ளீடு பிட்டாக, விடை வேறு வழியில்

உள்ளீட்டைத் தசமத்தில் எழுதாதீர்கள். 18446744073709551615.0 என்று டெஸ்டில் எழுதியவர் உச்ச எண்ணைச் சோதிப்பதாக நினைப்பார். கம்பைலர் அதை 2^64 என்று படிக்கும். உங்கள் மொழியிலேயே எழுதிய டெஸ்ட் என்றால், தசமம் படிக்கும் பகுதியில் உள்ள பிழையும் சேர்ந்து கலங்கும். குறி, அடுக்கு, பின்னம் என்ற மூன்று புலங்களைத் தனித்தனி முழு எண்களாகக் கொடுத்து, ஒட்டி, அந்த 64 பிட்டை டபுளாக மறுவாசிப்பு செய்யுங்கள்.

எதிர்பார்க்கும் விடையைக் கணக்கிடும் ஃபங்ஷனில் மிதவைப்புள்ளிக் கணக்கே இருக்கக் கூடாது. முழு எண்களை வைத்தே முடித்துவிடலாம்:

மேல் பிட் குறி. அடுத்த 11 பிட் அடுக்கு (உண்மையான அடுக்கோடு 1023-ஐக் கூட்டி வைத்தது). கீழே 52 பிட் பின்னம்.
அடுக்கு 2047 என்றால்: பின்னம் 0 ஆனால் முடிவிலி, இல்லையேல் நேன்.
அடுக்கு 1023-க்குக் கீழே என்றால்: அளவு 1-ஐ விடச் சின்னது, விடை 0. குறி எதுவானாலும் சரி. மைனஸ் சுழியமும் பொடிப்பொடியான சப்நார்மல் எண்களும் இதிலேயே அடங்கிவிடும்.
மற்றபடி குறி 1 என்றால்: கீழே மீறல்.
அடுக்கிலிருந்து 1023-ஐக் கழியுங்கள். வந்தது 64 அல்லது மேல் என்றால்: மேலே மீறல்.
பின்னத்தோடு 2^52-ஐக் கூட்டுங்கள். கழித்து வந்தது 52-க்குள் என்றால், 52-க்கு எத்தனை குறைகிறதோ அத்தனை பிட் வலப்பக்கம் தள்ளுங்கள். அதற்கு மேல் என்றால், எத்தனை கூடுதலோ அத்தனை பிட் இடப்பக்கம். அதிகபட்சம் 11, எனவே 64 பிட்டுக்குள் அடங்கும்.
குறைந்த அகலம் என்றால், வந்த முழு எண்ணை அந்த வகையின் உச்ச எண்ணோடு ஒப்பிட்டு மீறலா என்று முடிவு செய்யுங்கள்.

இந்த ஃபங்ஷனையே ரன்டைமின் மாற்று வழியாகவும் பயன்படுத்தும் ஆசை வரும். வேண்டாம். ஒரே கோடு தேர்வும் எழுதி, திருத்தவும் செய்தால் மதிப்பெண் எப்போதும் நூறுதான். சந்தேகம் இருந்தால் பைத்தானோடு ஒப்பிடுங்கள். அங்கே ஃப்ளோட்டை (பைத்தானில் அந்தப் பெயர் 64 பிட் டபுளைக் குறிக்கும்) முழு எண்ணாக மாற்றினால் எவ்வளவு பெரியதானாலும் துல்லியமாக வரும், நேனுக்கும் முடிவிலிக்கும் பிழை எறியும்.

படி 5: குற்றவாளிப் பட்டியல்

டபுளிலிருந்து 64 பிட்டுக்கு நான் வைத்திருக்கும் மதிப்புகள் இவை. ஒவ்வொன்றின் அருகிலும் அது பிடிக்கும் தவறு.

1.5, விடை 1. வெட்டாமல் அருகிலுள்ள எண்ணுக்கு உருட்டும் கோடைப் பிடிக்கும். 0.5-உம் 2.5-உம் இதைப் பிடிக்காது. சமதூரத்தில் இரட்டை எண்ணுக்கு உருளும் விதியால் அவை 0, 2 என்றே வரும். பழைய 32 பிட் எக்ஸ்86-இன் மிதவைப்புள்ளி அலகு அப்போதைய உருட்டும் முறைப்படியே மாற்றும் என்பதால் இது கற்பனைத் தவறு இல்லை.

9007199254740993 என்ற முழு எண்ணை டபுளில் எழுத முடியாது. அதனால் 9007199254740991, 9007199254740992, 9007199254740994 மூன்றும். தள்ளும் திசை மாறும் இடத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ இங்கே தெரியும்.

9223372036854774784: அடுக்கு 1085, பின்னம் முழுக்க 1. 2^63-க்கு முந்தைய டபுள்.

9223372036854775808: அடுக்கு 1086, பின்னம் 0. என்னை ஏமாற்றிய அதே எண். எக்ஸ்86-இல் இது தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் அடங்காத மதிப்பை எல்லையில் நிறுத்தும் சிப்பில் குறியுள்ள கட்டளையைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் 9223372036854775807 வரும், அங்கே இது பிடிக்கும்.

9223372036854777856: அடுக்கு 1086, பின்னம் 1. பட்டியலில் ஒரே ஒரு மதிப்புதான் வைக்கலாம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

18446744073709549568: அடுக்கு 1086, பின்னம் 4503599627370495. அடங்கும் மிகப் பெரிய டபுள். சீக்கிரமே எல்லையில் நிறுத்திவிடும் கோடைப் பிடிக்கும்.

18446744073709551616: அடுக்கு 1087, பின்னம் 0. விடை உச்ச எண். படி 2-இல் சொன்ன காவல் தவறு.

-0.0, -0.5, கூடவே -1-க்கு மிக அருகில் உள்ள எண்: குறி 1, அடுக்கு 1022, பின்னம் முழுக்க 1. எல்லாம் 0. ட்ராப் ஆகும் மொழியிலும் இவை ட்ராப் ஆகக் கூடாது.

-1.0, விடை 0. ட்ராப் மொழியில் ட்ராப். இதோடு -2^63-உம் அதற்குக் கீழே உள்ள டபுளும், ஏனென்றால் குறியுள்ள கட்டளையே அங்கேதான் கைவிடும்.

முடிவிலி இரண்டு.

நேன் நான்கு: இரண்டு குறியிலும், பின்னம் 1 ஆகவும், பின்னத்தின் மேல் பிட் மட்டும் 1 ஆகவும். குறி எதற்கு? வன்பொருள் உதவி இல்லாத இடத்தில் பிட்டைப் பிரித்து மாற்றும் மென்பொருள் ஃபங்ஷன்கள், நேனைத் தனியாகப் பார்க்காமல் "அடுக்கு மிகப் பெரியது" என்ற வழியில் விட்டுவிடுவது உண்டு. அங்கே குறி 0 என்றால் உச்ச எண், குறி 1 என்றால் 0 வரும். சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் எக்ஸ்86 தரும் நேனின் குறிப் பிட் 1; ஆர்ம்64 தருவதில் 0. ஒரே நிரல், ஒரே ஃபங்ஷன், இரண்டு சிப்பில் இரண்டு விடை. குறியைக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றாது.

ஃப்ளோட்டுக்கு எல்லை எண்கள் வேறு: 2^32-க்கு முந்தைய ஃப்ளோட் 4294967040, 2^64-க்கு முந்தையது 18446742974197923840. ஃப்ளோட்டை டபுளாக்கி மாற்றினால் பாதகமில்லை, அந்தப் படி துல்லியமானது.

32 பிட்டுக்கு ஒரு கூடுதல் டெஸ்ட்: 3000000000.0-ஐ 32 பிட்டாக மாற்றி, அந்த விடையை 64 பிட்டாக விரித்து ஒப்பிடுங்கள். ரிஸ்க்-ஐந்து 64 பிட் சிப்பில், 32 பிட் குறியற்ற விடையைக்கூடக் குறி நீட்டித்தே (32 பிட்டின் மேல் பிட்டையே மீதி இடமெல்லாம் நிரப்பி) ரிஜிஸ்டரில் வைப்பார்கள். ஜிட் (நிரல் ஓடும்போதே சிப் கட்டளைகளை உருவாக்கும் கம்பைலர்) அதை மறந்தால் 18446744072414584320 வரும். 32 பிட்டிலேயே ஒப்பிட்டால் இது கண்ணில் படாது.

படி 6: ஒரே மாற்றம், பல பாதைகள்

ரன்டைமில் இந்த மாற்றம் ஒரே இடத்தில் நடப்பதாக நினைக்காதீர்கள். இன்டர்பிரட்டரில் ஒன்று, ஜிட்டில் ஒன்று, கம்பைலர் மாறிலியை முன்கூட்டியே கணக்கிடும் இடத்தில் ஒன்று, லைப்ரரி ஃபங்ஷனில் ஒன்று என்று நாலைந்து இருக்கும். பட்டியல் முழுவதையும் எல்லாப் பாதையிலும் ஓட்டுங்கள்.

மாறிலிப் பாதைதான் அதிகம் ஏமாற்றும். டெஸ்டில் மதிப்பை நேரடியாக எழுதினால் ஆப்டிமைசர் விடையைக் கம்பைல் நேரத்திலேயே போட்டுவிடும். நீங்கள் சோதித்தது சிப்பை இல்லை, கம்பைலரின் கணக்கை. மதிப்பை ஒரு வரிசையிலிருந்து படிக்கவும், மாற்றத்தை இன்லைன் ஆகாத ஃபங்ஷனில் வைக்கவும். அதே மதிப்பை மாறிலியாகவும் ஒருமுறை எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தனியாகப் பாருங்கள். ஜிட் உள்ள ரன்டைம் என்றால் அந்த ஃபங்ஷனைச் சில ஆயிரம் தடவை சுற்றவிட்டு, சூடான பிறகும் விடை மாறவில்லை என்று பாருங்கள்.

அப்புறம் வரிசைகள். ஒரு லூப்பில் நிறைய டபுள்களை மாற்றினால் கம்பைலர், பல எண்களை ஒரே நேரத்தில் மாற்றும் வெக்டர் கட்டளைக்குத் தாவும். ஏவிஎக்ஸ்2-இல் 64 பிட்டுக்கு நேரடி வெக்டர் மாற்றம் இல்லாததால், சிலர் கையால் 2^52-ஐக் கூட்டிக் கீழ் பிட்டுகளைப் பிடுங்கும் வித்தையைப் போடுவார்கள். அது 2^52-க்குக் கீழேதான் செல்லும். அதோடு, கூட்டும்போது வெட்டாமல் உருட்டும். மேலே உள்ள 1.5 இங்கேதான் சம்பளம் வாங்குகிறது. நீளம் 1, 3, 8, 17 என்று வைத்து, சிக்கல் மதிப்பை ஒவ்வொரு இடத்திலும் நகர்த்திப் பாருங்கள். வெக்டரின் வாலில் மீந்த உறுப்புகளுக்கு வேறு பாதை இருக்கும்.

ரன்டைமையே சி மொழியில் எழுதியிருந்தால் இன்னொரு வேலை. கம்பைலரின் ஃப்ளோட்-காஸ்ட்-ஓவர்ஃப்ளோ சானிடைசரை (அடங்காத மாற்றம் நடந்தால் ஓடும்போதே காட்டிக்கொடுக்கும் சோதனை) போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பொதுவான அன்டிஃபைன்டு சானிடைசரைப் போட்டாலே போதும் என்று நினைக்க வேண்டாம்; ஜிசிசி கம்பைலரில் இது அதில் சேர்த்தி இல்லை, பெயர் சொல்லித் தனியாகப் போட வேண்டும்.

படி 7: அளவு

ஃப்ளோட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். மொத்தம் 429 கோடி பிட் வடிவங்கள். நொடிக்குப் பத்து கோடி என்ற சுமாரான வேகத்தில்கூட 43 நொடி. அனைத்தையும் ஓட்டிவிடுங்கள்.

டபுளில் அது நடக்காது. நொடிக்கு நூறு கோடி என்று ஓட்டினாலும் 580 வருடத்துக்கு மேல் ஆகும். ரேண்டமாக எடுக்கலாம், ஆனால் எதை ரேண்டமாக எடுக்கிறோம் என்பதில் கவனம். 64 பிட்டையும் ரேண்டமாக எடுத்தால், 2^63-க்கும் 2^64-க்கும் இடையே விழுவது 4096-இல் ஒன்று. மாறாக 0-க்கும் 2^64-க்கும் இடையே சீராக ஓர் எண்ணை எடுத்தால் பாதி அங்கேயே விழும், ஆனால் தசமப் பகுதி உள்ள எண் 4096-இல் ஒன்றுகூட வராது. இரண்டும் தனித்தனியே குருடு.

நான் செய்வது: 2048 அடுக்குகள், இரண்டு குறிகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 பின்னங்கள். பின்னங்களில் 0, 1, முழுக்க 1, ஒரு பிட் மட்டும் 1 ஆக நகரும் 52 வடிவங்கள், மீதி ரேண்டம். சுமார் எட்டு லட்சம் மதிப்புகள், கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ரேண்டம் விதையை லாகில் எழுதி வையுங்கள்.

படி 8: வேறு சிப்பில் ஓட்டுங்கள்

எக்ஸ்86-64, ஆர்ம்64 இரண்டும் கட்டாயம். மூன்றாவதாக ரிஸ்க்-ஐந்து இருந்தால் நேன் டெஸ்டுக்கு நல்லது. கையில் போர்டு இல்லையென்றால் கியூஎம்யு எமுலேட்டர் போதும். 32 பிட் இலக்கு ஒன்றும் வைத்திருங்கள். அங்கே 64 பிட் மாற்றம் பெரும்பாலும் மென்பொருள் ஃபங்ஷனுக்குப் போகும், அது முற்றிலும் வேறு கோடு.

படி 9: வேண்டுமென்றே உடையுங்கள்

இந்தப் படி இருந்திருந்தால் என் பிழை அன்றே மாட்டியிருக்கும். சரியான கோடை ஒவ்வொரு விதமாகக் கெடுத்து, எந்த டெஸ்ட் சிவப்பாகிறது என்று பாருங்கள்.

கழிக்கும் கிளையை முழுக்க நீக்குங்கள். 9223372036854777856 சிவப்பாக வேண்டும். மேல் காவலை "சமம் அல்லது பெரியது" என்பதிலிருந்து "பெரியது" என்று மாற்றுங்கள். 2^64 சிவப்பாக வேண்டும். நேன் கிளையை நீக்கி, ஒப்பீட்டை இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். ஒன்று சிவப்பாகும், இன்னொன்று பச்சையாகவே இருக்கும், காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். வெட்டுவதை உருட்டுவதாக மாற்றுங்கள், 1.5 கத்த வேண்டும்.

2^63 ஒப்பீட்டில் "சின்னது" என்பதை "சின்னது அல்லது சமம்" என்று மாற்றினால்? எக்ஸ்86-இல் எதுவும் சிவப்பாகாது. எவ்வளவு டெஸ்ட் சேர்த்தாலும் ஆகாது, ஏனென்றால் 2^63 ஒன்றில் மட்டும்தான் நடத்தை மாறுகிறது, அங்கே விடை தற்செயலாகச் சரி. இதைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, செல்லாத செயல் என்ற மிதவைப்புள்ளிக் கொடியைப் படிப்பது. நேரடிப் பாதையில் போயிருந்தால் அந்தக் கொடி உயர்ந்திருக்கும். இரண்டு, அதே கோடை எல்லையில் நிறுத்தும் சிப்பில் ஓட்டுவது. உங்கள் ரன்டைம் கொடிகளைப் பற்றி எந்த வாக்கும் தரவில்லை, எக்ஸ்86-இல் மட்டும் ஓடும் என்றால், இந்த உடைப்பை விட்டுவிடலாம். ஆனால் தெரிந்து விடுங்கள், கோடில் ஒரு வரி கமென்ட் போட்டுவிட்டு.

கடைசியாகப் பிழைச் செய்தி. டெஸ்ட் தோற்றால் "9.223372036854776 பெருக்கல் 10^18 தவறு" என்று அச்சிட்டால், அந்தச் சுருக்கத்தை வைத்து எந்த டபுள் என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் போகும். குறி, அடுக்கு, பின்னம் மூன்றையும் முழு எண்களாக அச்சிடுங்கள். கூடவே வந்த விடை, வர வேண்டிய விடை, எந்தப் பாதை, எந்தச் சிப். அடுக்கு 1086, பின்னம் 1 என்று திரையில் பார்த்தவுடனே எனக்கு இப்போதெல்லாம் கழிக்கும் கிளைக்குத்தான் கை போகிறது.